தெய்வாத்தாவின் தட்டைப்பயறும் நகராத வரிசையும்

ஒரு காட்டில், காடு சுருங்கி வயல் பெருகிப் போயிருந்தது. மேய்ந்து பிழைத்தது போதும், இனி விதைத்துப் பிழைப்போம் என்று பிராணிகள் எல்லாம் பொதுக்கூட்டம் போட்டு முடிவெடுத்து, ஆளுக்கொரு துண்டு நிலத்தைப் பிரித்துக்கொண்டன. சிங்கம் மட்டும் நிலம் எடுத்துக்கொள்ளவில்லை. அது கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது. ஒரு சிங்கம் அதற்கு மேல் உழைக்கக் கூடாது என்று எல்லாப் பிராணிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டன.

அந்தக் காட்டின் வடகோடியில் தெய்வாத்தா என்றொரு முயல் இருந்தது. அதற்கு அரை ஏக்கர் நிலம், நிலத்தின் நடுமேட்டில் ஒரு வளை, வளைக்குள் ஏழு குட்டிகள். வேறு சொத்து கிடையாது.

நிலம் ஒரு காலத்தில் நன்றாகத்தான் விளைந்தது. அதைக் கெடுத்தது வெள்ளை உப்பு என்று எல்லோரும் சொன்ன கடை உரம். வெள்ளை உப்பு மூட்டையில் வரும். கடை வாசலில் போய் நின்றால் ஒரு கேள்வி கேட்காமல் முதுகில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். முதல் வருடம் தெய்வாத்தா அரை மூட்டை போட்டது. பயிர் எகிறிக்கொண்டு வளர்ந்தது. இரண்டாம் வருடம் அதே விளைச்சலுக்கு மண் ஒரு மூட்டை கேட்டது. நாலாம் வருடம் மூன்று மூட்டையைக் கொட்டியும் நிலம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மண் ஓடு மாதிரி இறுகிப்போக, மண்புழுக்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போயின. போகிறோம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. போன பருவத்தில் தட்டைப்பயறு போட்டதில் பூவெல்லாம் உதிர்ந்து, நாலு கூடைதான் தேறியது.

நாலு கூடையை வைத்து அரை வயிறு சாப்பிட்டு ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம். ஆனால் விஷயம் வயிற்றோடு நிற்கவில்லை. பக்கத்து நிலத்துக்கார மாரப்பன் ஒரு காட்டுப்பன்றி. விளைவிக்கத் தெரியாதவர்கள் நிலத்தை வைத்துக்கொண்டிருப்பது காட்டுக்கே நட்டம் என்று அது சிங்கத்தின் சபைக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருந்தது. மனுவில் ‘பொதுநலம்’ என்ற சொல் ஒன்பது இடத்தில் வந்ததால், சபை அதை அப்படியே சட்டமாக்கிவிட்டது. மார்கழிக் கடைசியில் எல்லார் விளைச்சலும் அளக்கப்படும். பத்துக் கூடைக்குக் குறைந்த நிலம் பக்கத்து நிலத்தோடு சேர்க்கப்படும். தெய்வாத்தாவின் நிலத்துக்கு ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் பாதை, ஒரு பக்கம் புதர்க்காடு. நாலாவது பக்கத்தில் மாரப்பன்.

சட்டத்தை வாசித்துக் காட்டிய அன்று தெய்வாத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. நிலம் போனால் வளையும் போகும். வளை போனால் ஏழு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு எந்தப் புதருக்குள் போய் ஒண்டுவது என்று யோசித்து யோசித்து அது விடிய விடிய விழித்துக் கிடந்தது.

புரட்டாசி மழைக்கு மறுபடியும் தட்டைப்பயறையே விதைத்துவிட்டு, அது வேளாண்மை விரிவாக்க அலுவலரைப் பார்க்கப் போனது. அலுவலர் பெயர் நல்லதம்பி. நரிதான். நரி என்றதும் தந்திரக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். இது பரீட்சை எழுதித் தேறி வேலைக்கு வந்த நரி. சுற்றறிக்கையில் இல்லாத எதையும் ஆயுளில் செய்ததில்லை.

நல்லதம்பி நிலத்துக்கு வந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தது. “மண்ணு செத்துக் கெடக்குதுங். இனி இயற்கைக்குத் திரும்பறதத் தவிர வேற வழி இல்லீங்” என்றது.

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தது. சாணத்தையும் நெய்யையும் பிசைந்து மூன்று நாள் வைக்க வேண்டும். அதில் கோமியம், பால், தயிர், இளநீர், கரும்புச்சாறு, கனிந்த வாழைப்பழம் சேர்த்து நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். இருபது நாள் போனதும் நூறு பங்குத் தண்ணீருக்கு மூன்று பங்கு என்று கலந்து இலை நனையத் தெளித்தால் பூ உதிராது, காய் திரளும். மண்ணுக்குத் தனியாகத் தொழுவுரம் போட்டால் போன மண்புழு திரும்பி வரும். தாளில் இருந்தது அத்தனையும் உண்மை. காட்டில் கோளாறு எப்போதும் தாளுக்கு வெளியேதான் ஆரம்பிக்கும்.

தெய்வாத்தாவுக்கு உயிர் வந்தது. புதர்க்காட்டில் பெருமாயி என்ற காட்டெருமை இருந்தது. காடு முழுக்க அதன் சாணிதான் கிடக்கும். ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போய் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று தெய்வாத்தா கிளம்பியது. நல்லதம்பி பதறிப்போய் வழியை மறித்தது.

“சான்று இல்லாத சாணி அசுத்தங். சான்று இருந்தாத்தான் அது இடுபொருள்” என்றது.

வெள்ளை உப்புக்கு யாரும் சான்று கேட்கவில்லையே என்று தெய்வாத்தா கேட்டது. நல்லதம்பி பொறுமையாக விளக்கியது. உப்பு மூட்டையின் மேல் உள்ளே இருப்பது என்ன என்று அச்சடித்திருக்கிறது. பெருமாயியின் மேல் அப்படி ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று கேட்டது. தெய்வாத்தா யோசித்துப் பார்த்தது. இல்லைதான்.

அடுத்த வாரமே திட்டம் அறிவிக்கப்பட்டது. சான்று பெற்ற சாணம் விவசாயிகள் அனைவருக்கும் இலவசம் என்று காடு முழுக்கத் தண்டோரா போட்டார்கள். பெருமாயிக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அதன் புதருக்கு முன்னால் ‘மாதிரி இடுபொருள் மையம்’ என்று ஒரு பலகை நட்டார்கள். சிங்கம் நாடாவை வெட்டியது. அதுவரை பெருமாயியின் சாணியை மிதித்துவிட்டால் முகம் சுளித்துக் காலைப் புல்லில் தேய்த்துக்கொண்டு போன பிராணிகள் எல்லாம் அன்று அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டன.

விண்ணப்பம் எட்டுப் பக்கம். அதை வாங்க ஒரு வரிசை, நிரப்பிக் கொடுத்ததும் கிடைக்கும் டோக்கனோடு நிற்க இன்னொரு வரிசை. நாற்பது பிராணிகள் வந்து நின்றன. முதல் டோக்கன் மாரப்பனுக்கு. மாரப்பனிடம் வெள்ளை உப்பு பத்து மூட்டை இருந்தது. ஆனாலும் இலவசம் என்று ஒன்று வந்து, அது தெய்வாத்தாவுக்குக் கிடைத்து, தனக்குக் கிடைக்காமல் போவதை அதனால் தாங்க முடியவில்லை. தெய்வாத்தா வருவதற்குள் முப்பத்தேழு பேர் முந்திக்கொண்டார்கள்.

சுற்றறிக்கைப்படி வரிசை வளையாமல் நேராக நிற்க வேண்டும். பெருமாயியின் புதருக்கு எதிரே நேராக இருந்த ஒரே வெட்டவெளி தெய்வாத்தாவின் நிலம். இருபது நாள் பயிர் நிற்கிறது, மிதித்துவிடுவார்கள் என்று தெய்வாத்தா கெஞ்சியது. பயிர்ச் சாலுக்கு நடுவே நிற்கட்டும், ஒருவரும் மிதிக்கக் கூடாது என்று நல்லதம்பி உத்தரவு போட்டது. அதோடு விட்டிருக்கலாம். “இங்க கெடறதுக்கு என்னதானுங் இருக்குது?” என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னது. அந்த வார்த்தை தெய்வாத்தாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் அதிகாரியிடம் என்ன பேசுவது என்று டோக்கனை வாங்கிக்கொண்டு, தன் நிலத்தில், தன் பயிருக்கு நடுவில், முப்பத்தெட்டாவது ஆளாகப் போய் நின்றது.

டோக்கனை வாயில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. கீழே விழுந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதனால் மான், கடமான், யானை எல்லாம் நின்ற இடத்தில் காலடியில் இளம்பயிர் தளதளவென்று இருந்தும் ஓர் இலையைக்கூடக் கடிக்க முடியவில்லை. குரங்குகள் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. வரப்பு ஓரத்து வாகைமரம் பயிரின் மேல் குடை பிடித்து நின்றது. குரங்குகள் அதன் கிளைகளில் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் வேலையைப் பார்த்தன.

வரிசை நகரவில்லை. காரணம் பெருமாயிக்கு வந்த கூச்சம்.

பாவம், அது பிறந்ததிலிருந்து போகிற போக்கில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போன ஜீவன். இப்போது பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு ஓரிடத்தில் நிற்க வேண்டியிருந்தது. பின்னால் நாற்பது பேர் டோக்கனைக் கவ்விக்கொண்டு கண்கொட்டாமல் பார்த்திருந்தார்கள். பக்கத்தில் நல்லதம்பி தராசோடும் அரக்கு முத்திரையோடும் தயாராக இருந்தது. பெருமாயிக்கு வயிறு கல்லாகிவிட்டது.

ஒரு மதியம் தெய்வாத்தா பக்கத்தில் போனபோது பெருமாயி கண்கலங்கிவிட்டது. “அம்மிணி, இத்தன பேரு பாத்துட்டு நின்னா எப்படி வரும்? நீயே சொல்லு” என்றது.

நாலு நாளைக்கு ஒருமுறை எப்படியோ ஒரு சாணி விழும். அதை எடை போட்டு, மாதிரி எடுத்து, மேலிடத்துக்கு அனுப்பிச் சான்று வாங்குவதற்குள் அது காய்ந்துவிடும். காய்ந்தது இடுபொருளில் சேராது, எரிபொருளில் சேரும். அது வேறு துறை. அதனால் மாரப்பன் முதல் டோக்கனோடு முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றது.

பதினெட்டாம் நாள் உணவு இடைவேளையில் தெய்வாத்தா களையெடுக்கும்போது ஒன்றைக் கவனித்தது. நிலத்தின் தென்பாதியில் பயிர் வழக்கம்போல வெளிறிக் கிடந்தது. வடபாதியில், வரிசை நிற்கிற சால்களில், கரும்பச்சையாக நின்றது. ஏழாம் எண் நின்ற இடத்தில் பயிர் தெய்வாத்தாவின் காது உயரத்துக்கு வந்துவிட்டது. ஏழாம் எண் யானை.

தெய்வாத்தா மண்ணைக் கிளறிப் பார்த்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது. தெய்வாத்தா அதை மறுபடி மூடிவிட்டு, வரிசையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு பார்வை பார்த்தது. அதற்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நாற்பது பேரும் விடியற்காலையில் வந்தால் இருட்டும்வரை நிற்கிறார்கள். இடையில் நகர்ந்தால் இடம் போய்விடும். வயிறு சுற்றறிக்கை படிப்பதில்லை. ஆகவே எல்லாம் நின்ற இடத்திலேயே, சால் பிடித்ததுபோல், பயிரின் வேருக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. ஊர்ப்பக்கம் செம்மறி ஆட்டு மந்தையை ஓட்டிவந்து வயலில் கிடை போடுவார்கள். ஆடுகள் அங்கேயே கிடக்க, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். கிடைக்காரனுக்கு அதற்காக நெல் அளக்க வேண்டும். தெய்வாத்தாவின் நிலத்தில் அப்படி ஒரு கிடை, ஒரு படி நெல்லும் அளக்காமல் கிடந்தது. பயிரை மேயாமல் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டு நின்றது.

அன்று தெய்வாத்தா சிரித்தது. சட்டம் வாசித்ததிலிருந்து அது சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளே அது நல்லதம்பியிடம் போய், எல்லோரும் ஒரே இடத்தில் நின்றால் நெரிசலாக இருக்கிறது, வாரத்துக்கு ஒருமுறை வரிசையை நாலு சால் தள்ளி நிறுத்தினால் மக்களுக்குக் காற்றோட்டமாக இருக்கும் என்று யோசனை சொன்னது. பொதுமக்கள் நலனில் இவ்வளவு அக்கறையுள்ள விவசாயியை நல்லதம்பி பார்த்ததில்லை. வரிசை வாரா வாரம் நகர்ந்தது. முன்னால் அல்ல, பக்கவாட்டில். தெய்வாத்தா அந்தி சாய்ந்ததும் பின்னங்காலால் எல்லாவற்றையும் மண்ணோடு கிளறி, மேலே சருகு போட்டு மூடியது.

ஒரே ஒரு சிக்கல் வாகைமரத்தடியில். அங்கே பயிரின் இலைகள் கருகியிருந்தன. தெய்வாத்தா அண்ணாந்து பார்த்தது. மேலே குரங்குகள். இலைக்கு மேல் தெளிப்பு தானாகவே நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் தண்ணீர் கலக்காமல் நடக்கிறது. நூற்றுக்கு மூன்று, மிஞ்சினால் பத்துக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் இலை தாங்காது. மரத்தின் மேல் ஏறிக் கலக்கிவிட்டு வர முயலால் ஆகுமா? கலப்பதை முதலிலேயே கலந்துவிட்டால் போயிற்று.

அன்று மாலை தெய்வாத்தாவின் நிலத்தில் தண்ணீர்ப்பந்தல் திறக்கப்பட்டது. நாரத்தை இலை கசக்கிப் போட்ட ஓடைத்தண்ணீர், குடம் குடமாக. உணவு இடைவேளையில் டோக்கனைக் கீழே வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, பயிரில் வாய் வைத்தால் மட்டும் டோக்கன் செல்லாது. எல்லோரும் வயிறு முட்டக் குடித்தார்கள். குரங்குகளுக்கு மட்டும் கிளைக்கே கொண்டுபோய்க் கொடுக்க அணிலை ஏற்பாடு செய்தது. கொஞ்சம் உப்புப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று ஒரு மான் சொன்னது. மண்ணுக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்த தெய்வாத்தா, உடம்புக்கு ஆகாது என்று சொல்லிச் சமாளித்தது. பத்தே நாளில் வாகைமரத்தடியிலும் இலை துளிர்த்துப் பளபளத்தது. தெய்வாத்தாவைப் போல ஒரு தர்மவதி உண்டா என்று வரிசை முழுக்கப் பேச்சு.

முப்பதாம் நாள் வாக்கில் பூ எடுத்தது. நிலம் முழுக்க ஊதாப் பூ. ஒரு பூ உதிரவில்லை. தெய்வாத்தா குட்டிகளைக் கூட்டிவந்து காட்டியது. காய் பிடித்துத் திரள இன்னும் பதினைந்து நாள் வேண்டும். அதுவரை வரிசை நிற்க வேண்டும், தண்ணீர்ப்பந்தல் நடக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

மறுநாள் விடியும் நேரத்தில் பெருமாயி புதரிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தது. அதன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

“அம்மிணி, கூச்சம் போயிருச்சு. ஆளுங்க வரதுக்கு முன்னாடி நேரத்துலயே எந்திரிச்சுப் பாத்தேன். மூணு நாளா அம்பாரமாக் குமிஞ்சிருக்குது. இன்னிக்கே எல்லாருத்துக்கும் குடுத்தனுப்பிரலாம்” என்றது.

தெய்வாத்தா கணக்குப் போட்டுப் பார்த்தது. நாற்பது பேருக்கும் சாணி கிடைத்துவிட்டால் நாற்பது பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாதி ஊட்டத்தில் பயிர் நிற்கும். பூ உதிரும். பிறகு ஏழு கூடையோ எட்டுக் கூடையோ. அளக்கிற அன்று மாரப்பன் நிலத்தை அளந்து சேர்த்துக்கொள்ளக் கயிற்றோடு வந்து நிற்கும்.

அது பெருமாயியின் முகத்தைப் பார்த்தது. இவ்வளவு நாள் அவமானத்தில் குன்றிப்போயிருந்த ஜீவன் இன்றுதான் நிமிர்ந்து நிற்கிறது. “நல்லதுங்கக்கா” என்று சொல்லிவிட்டு, தெய்வாத்தா நேரே நல்லதம்பியிடம் போனது.

பெருமாயி தந்த நல்ல சேதியைச் சொல்லிவிட்டு, கடைசியில் சந்தேகம் கேட்பதுபோல் ஒன்றைக் கேட்டது.

“ஏனுங், யாருமே பாக்காதப்பப் போட்ட சாணிங். அது பெருமாயியக்காளதுதான்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா, சாட்சி வேணுமில்லீங்?”

நல்லதம்பியின் பேனா அப்படியே நின்றது. ஓய்வு பெறும்வரை தன்னைக் காப்பாற்றக்கூடிய கேள்வியை ஒரு முயல் கேட்டுவிட்டதே என்று அதற்கு ஆச்சரியம். அன்றே புதிய ஆணை வந்தது. நேரில் கண்ட சாட்சிகள் இருவர் கையொப்பமிடாத சாணம் விநியோகத்துக்கு உரியதல்ல. விண்ணப்பதாரர் அனைவரும் சாட்சிப் படிவம் ஒன்றைப் புதிதாக நிரப்பி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஏற்கெனவே குவிந்துவிட்ட சாட்சியில்லாச் சாணத்தை விசாரணை முடியும்வரை பத்திரமாக வைக்க இடம் தேவைப்பட்டது. தெய்வாத்தா தன் நிலத்தின் தென்மூலையைப் பெருந்தன்மையோடு ஒதுக்கிக் கொடுத்தது. விசாரணை நடக்கவில்லை, மழை பெய்தது, சாணம் மண்ணுக்குள் போய்த் தலைமறைவாகிவிட்டது.

இரண்டு சாட்சிகள் பக்கத்திலேயே நின்று பார்க்க ஆரம்பித்ததும் பெருமாயிக்குப் பழைய கூச்சம் இரண்டு பங்காக வந்தது. இந்தச் சாட்சி யோசனை யாருடையது என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. தெய்வாத்தாவுக்கு அந்தப் பக்கம் போக வெட்கமாக இருந்தது. நேர்வழியை விட்டுவிட்டு பாதைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனது. வெட்கப்பட்டது என்னவோ உண்மை. அதற்காகத் தண்ணீர்ப்பந்தலை நிறுத்தவில்லை.

மார்கழிக் கடைசி வந்தது. அளவுக்காரர்கள் வந்தார்கள். தெய்வாத்தாவின் தட்டைப்பயறு இருபத்திரண்டு கூடை. அந்தக் காட்டில் அரை ஏக்கரில் அப்படி யாரும் எடுத்ததில்லை. என்ன இடுபொருள் போட்டீர்கள் என்று அறிக்கைக்காக நல்லதம்பி கேட்டது.

“எல்லாம் உங்க திட்டந்தானுங்” என்றது தெய்வாத்தா. அது சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

திட்டத்தின் மாபெரும் வெற்றி என்று நல்லதம்பி எழுதிக்கொண்டது. பெருமாயிக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள். அன்று வரை திட்டத்தில் ஒரு கூடைச் சாணி ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை என்பதை எழுத அறிக்கையில் கட்டம் இல்லை.

பிறகு மாரப்பனின் நிலத்தை அளந்தார்கள். ஏழு கூடை. களை ஆளை மறைத்து நின்றது. களையெடுக்க ஆள் இல்லை. புழு காயை அரித்திருந்தது. பார்க்க ஆள் இல்லை. ஆள் தினமும் விடிந்ததிலிருந்து அந்திவரை தெய்வாத்தாவின் நிலத்தில் முதல் டோக்கனைக் கவ்விக்கொண்டு நின்றிருந்தது. மாரப்பன் மட்டுமல்ல, வரிசையில் நின்ற முப்பத்தொன்பது பேரில் பதினாலு பேர் நிலத்தில் பத்துக் கூடை தேறவில்லை.

“நானாப் போயி நிக்கிலீங். நிக்கச் சொன்னாங்க, நின்னேன்” என்றது மாரப்பன்.

சட்டத்தை வாசித்தார்கள். அதை எழுதியது மாரப்பன்தான் என்பதால் அர்த்தம் புரியவில்லை என்று அதனால் சொல்ல முடியவில்லை. பத்துக் கூடைக்குக் குறைந்த நிலம் பக்கத்து நிலத்தோடு சேரும். மாரப்பனின் நிலம் தெய்வாத்தாவின் நிலத்தோடு சேர்ந்தது.

இப்படி ஆகும் என்று தெய்வாத்தா சத்தியமாக நினைத்திருக்கவில்லை. அதற்குத் தன் வளை தப்பினால் போதும் என்றுதான் இருந்தது. மாரப்பனின் பெண்டாட்டி குட்டிகளை வரப்பில் வரிசையாக நிறுத்தி, தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தது. எந்தப் புதருக்குப் போவது என்று ஒரு குட்டி கேட்டது. தெய்வாத்தாவுக்குச் சட்டம் வாசித்த அன்று தான் விடிய விடிய விழித்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. வேண்டாம், அவர்கள் நிலம் அவர்களிடமே இருக்கட்டும் என்று சொல்ல அது வாயைத் திறந்தது. அதற்குள் அதன் கால் தானாக மாரப்பன் நிலத்து மண்ணைக் கிளறிவிட்டது. பழக்க தோஷம்.

மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. பத்து மூட்டை உப்பைத் தின்ற மண். ஒரு மண்புழு இல்லை. நல்ல கிடை ஒன்று போட்டால் இரண்டே பருவத்தில் எழுந்துவிடும் என்று தெய்வாத்தா நினைத்துக்கொண்டது. திறந்த வாயை மூடிக்கொண்டது.

நிலம் போன பதினாலு பேரும் மேல்முறையீடு செய்யலாம் என்று நல்லதம்பி அறிவித்தது. விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். குடும்பத்தோடு நேரில் வந்து நிற்க வேண்டும். முடிவு தெரியும்வரை காட்டுக்குள் வேறு நிலத்தில் கால் வைக்கக் கூடாது. இத்தனை பேரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நல்லதம்பி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

“அதுக்கென்னங், மாரப்பண்ணன் நெலந்தான் காலியாக் கெடக்குதுங். நேராவும் இருக்குது” என்றது தெய்வாத்தா.

தை முதல் நாள் விடியும்போதே மாரப்பன் வந்துவிட்டது. இந்தத் தடவையும் அதுதான் முதல் ஆள். தன் நிலத்தைத் திரும்பக் கேட்டு, தன் நிலத்தில், தான் உழுத சாலில், டோக்கனைக் கவ்விக்கொண்டு நின்றது. பின்னால் பெண்டாட்டி, அதன் பின்னால் உயரவாரியாகக் குட்டிகள், அதன் பின்னால் மற்றப் பதின்மூன்று குடும்பங்கள்.

உணவு இடைவேளையில் தெய்வாத்தா தண்ணீர்க் குடத்தோடு வந்தது. மாரப்பன் டோக்கனைக் கீழே வைத்துவிட்டு ஒரு மொந்தை குடித்தது. குட்டிகளும் குடித்தன. வெயில் ஏறியிருந்தது. கடைசிக் குட்டி நிற்க முடியாமல் தாயின் காலில் சாய்ந்திருந்தது. தெய்வாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. அதற்கு மட்டும் இன்னும் இரண்டு மொந்தை ஊற்றிக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டது. இரக்கப்பட்டுத்தான் ஊற்றினோமா, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஊற்றினோமா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தது. கடைசிவரை அதற்கே தெரியவில்லை.

நீதி: மண் செழிக்க இயற்கை உரமே இடுக, அது குறையாமல் கிடைக்க, மனுக் கொடுத்தவர் எவருக்கும் பதில் சொல்லற்க.